இடைக்காலத் தலைவரும் அரசின் தொடர்ச்சியும்

அரியணை வெறிதாகும் காலத்தே நாடு அல்லலுறும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். கழுமலத்து யானை கருவூரிலிருந்த கரிகாலனைத் தேடிக் கொணர்ந்தது என்னும் பழங்கதை இவ்வச்சத்தைக் காட்டும். அன்று யானை செய்த பணியை இன்று சட்டம் செய்கின்றது.

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 40ஆம் உறுப்புரை இதற்கு வழி வகுத்துள்ளது. சனாதிபதி பதவி இடையில் வெற்றிடமாயின், ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தன் உறுப்பினருள் ஒருவரை எஞ்சிய காலத்துக்குத் தெரிதல் வேண்டும். அதுகாறும் பிரதமர் பதிற் சனாதிபதியாவார்; அவரும் இல்லாவிடத்துச் சபாநாயகர் அப்பொறுப்பை ஏற்பார்.

இவ்விதி இருமுறை சோதனைக்குள்ளாயிற்று. 1993 மே 1ஆந் திகதி சனாதிபதி பிரேமதாசா குண்டுவெடிப்பில் உயிர்துறந்தார். பிரதமர் டி. பி. விஜேதுங்கா அன்றே பதிற் சனாதிபதியானார். மே 7இல் பாராளுமன்றம் அவரை ஏகமனதாகத் தெரிந்தது. 2022 யூலையில் மக்கள் கிளர்ச்சியின் நடுவே கோத்தாபய ராஜபக்ச நாட்டைவிட்டு நீங்கிப் பதவி துறந்தார். யூலை 15இல் பதிற் சனாதிபதியாகச் சத்தியப்பிரமாணம் செய்த ரணில் விக்கிரமசிங்க, யூலை 20இல் 134 வாக்குகளால் தெரிவானார். டலஸ் அழகப்பெரும 82 வாக்குகளும், அநுர குமார திசாநாயக்க 3 வாக்குகளுமே பெற்றனர்.

இனி, இடைக்காலத் தலைவரின் கடமை யாதென நோக்குவாம். கொண்டச்சிக் குடாவில் முன்னாளில் முத்துக்குளிப்பு நடந்தபோது, கடலுள் மூழ்கினோனின் கயிற்றை ஒருவன் தோணியில் நின்று பற்றியிருப்பான். கயிற்றை நழுவவிட்டால் உயிர் போம். ஆயினும், பற்றி நின்றமையால் முத்து முழுதும் அவனதாகிவிடாது. இடைக்காலத் தலைவரின் நிலையும் இத்தகையதே. கட்டளையிடுவோர் இன்றிப் படையும், கையொப்பமின்றிச் சட்டமும் நின்றுவிடாமற் காத்தல் அவர் முதற் கடன்.

ஆயின், அவர் ஏந்தும் அதிகாரம் சிறிதன்று. இந்தியாவில் 1969 மே மாதம் சாகிர் உசேன் மறைந்தபின் வி. வி. கிரி பதிற் குடியரசுத் தலைவரானார். 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கிய அவசரச் சட்டத்தில் யூலை 19இல் கையொப்பமிட்டு, மறுநாளே தேர்தலிற் போட்டியிடும்பொருட்டுப் பதவி நீங்கினார். அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டத்தின்படி தலைமை நீதிபதி இதயத்துல்லா அவ்விடத்தை ஏற்று, ஆகஸ்ட் 24 வரை இருந்தார். அங்கே தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர். இலங்கையிலோ நிறைவேற்றதிகாரமே பதிலாளர் கையில் வந்து சேர்கின்றது. 2022இல் அவ்விடைக்காலத்திலேயே அவசரகால நிலையும் பிரகடனஞ் செய்யப்பட்டது. அமைதி காக்க எடுக்கும் அதிகாரம், மக்கள் குரலை அடக்கும் அதிகாரமாகவும் மாறக்கூடும்.

ஆதலின் கால எல்லையே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை என்க. விஜேதுங்கா 1994 நவம்பரில், மக்கள் தெரிந்த சந்திரிகா குமாரதுங்கவுக்கு இடமளித்து விலகினார். 2024 செப்டெம்பரில் மக்கள் வாக்களித்தபோது, பாராளுமன்றத்தில் 3 வாக்குகள் பெற்றவரே சனாதிபதியானார். ரணில் பதவியை ஒப்படைத்து நீங்கினார். பாராளுமன்றத்தின் தெரிவு இடைவெளியை நிரப்பவல்லது. மக்களின் ஆணைக்கு அது ஈடாகாது. பதவியை அறுபடாது காத்து, உரியவரிடம் உரிய காலத்தே ஒப்படைத்தலாகிய இரண்டுஞ் சேர்ந்தவிடத்தே அரசின் தொடர்ச்சி நிறைவெய்தும்.