ஒரு படம்... பல மொழி!

விக்கிப்பீடியாவில் மீனாட்சியம்மன் கோயிலைப் பற்றித் தமிழில் படித்தாலும் பிரெஞ்சில் படித்தாலும், கோபுரப் படங்கள் பெரும்பாலும் ஒரே கிடங்கிலிருந்துதான் வருகின்றன. அதன் பெயர் விக்கிமீடியா காமன்ஸ். 2004-ல் தொடங்கிய இதில் இன்று 10 கோடிக்கும் அதிகமான கோப்புகள் இருக்கின்றன.

இங்கே ஒரு படத்தை ஒருமுறை ஏற்றினால் எல்லா மொழிக்காரர்களும் பயன்படுத்தலாம். அதே படம் நீக்கப்பட்டால், அத்தனை மொழிப் பக்கங்களிலிருந்தும் காணாமல் போய்விடும்!

நீக்கக் காரணம் பெரும்பாலும் காப்புரிமைதான். கூகுளில் கிடைத்தது, வாட்ஸ்அப்பில் வந்தது, சினிமா போஸ்டர் எல்லாம் நிலைக்காது. 'எடுத்தவர் பெயரைப் போட்டிருக்கிறேனே' என்ற சமாதானமும் செல்லாது. அவருடைய அனுமதி வேண்டும். அது பிறகு கிடைத்தால், நீக்கிய படத்தை நிர்வாகிகள் மீட்டுத் தருவார்கள்.

உங்கள் ஊர் ஏரியை நீங்களே போனில் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஏற்றும் முன் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

* வெறும் எண்ணாக இருக்கும் கோப்புப் பெயரை மாற்றி, ஊரும் பொருளும் தெரியும்படி வையுங்கள்.

* சரியான பகுப்பில் சேருங்கள். இல்லாவிட்டால் தேடுபவர் கண்ணில் படாது.

* வீட்டில் எடுத்த படமென்றால் லொகேஷன் விவரத்தை நீக்கிவிடுங்கள்.

* கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. வியாபாரத்துக்கும் யாரும் பயன்படுத்தலாம். எனவே, குழந்தைகளின் படங்களை ஏற்றுமுன் இருமுறை யோசியுங்கள்!