தானியங்கித் தொடர்வெட்டுப் படமாக்கம்

தானியங்கித் தொடர்வெட்டுப் படமாக்கம் என்பது உலோகத்தின் உள் நுண்ணமைப்பை முப்பரிமாணத்தில் காண உதவும் ஆய்வு முறையாகும். உலோகம் ஒளிபுகாப் பொருள். எனவே வழக்கமாக ஒரு துண்டை வெட்டி, மெருகேற்றி, அமிலக் கரைசலால் அரித்து நுண்ணோக்கியில் பார்ப்பர். ஆனால் ஒற்றை வெட்டுமுகம் முழு வடிவத்தைக் காட்டாது. சாம்பல்நிற வார்ப்பிரும்பில் உள்ள கிராஃபைட்டு, வெட்டுமுகத்தில் தனித்தனிக் கோடுகளாகத் தெரியும்; உண்மையில் அவற்றுள் பல, முட்டைக்கோசின் இலைகளைப் போல உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை.

இம்முறையில் மாதிரியின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய படலம் ஒன்று தேய்த்து நீக்கப்படும். பின் பரப்பு கழுவப்பட்டு, தேவையெனில் அரிக்கப்பட்டு, படமெடுக்கப்படும். இச்சுழற்சி தொடர்ந்து நடைபெறும். ஒரு முறைக்கு 1 மைக்ரோமீட்டர் வீதம் நீக்கினால், 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 1000 படங்கள் தேவை. கையால் இதைச் செய்வது மிகக் கடினம் என்பதால் எந்திரக் கை பயன்படுத்தப்படுகிறது. அமெரிக்க வான்படை ஆய்வகத்தின் பணியிலிருந்து உருவான ரோபோ-மெட்.3டி இத்தகைய கருவியாகும். படங்களைக் கணினி வரிசையாக அடுக்கி முப்பரிமாண உருவை அமைக்கும்.

உலோகக் களைப்பால் வரும் விரிசல்கள் பல வேளைகளில் நுண்துளைகளில் தொடங்குகின்றன. அத்துளைகளின் உண்மையான அளவையும் வடிவத்தையும் இம்முறையால் அறியலாம். எனினும், எக்சு-கதிர் வருடலைப் போலன்றி, இதில் மாதிரி அழிந்துவிடும். தவறவிட்ட படலத்தை மீண்டும் படமெடுக்க இயலாது.