பருத்தித்துறை முத்துவின் பறவை

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் வடதேசத்துச் சிறு பறவைகள் பல இலங்கை வரை செல்லுகின்றன. அவற்றுள் இவ்வழியே வருபவற்றுக்குப் பாம்பன் தீவின் உடை மரமும் பூவரசுமே பாரத நாட்டின் கடைசி நிழல்.

அந்த நிழலிலிருந்து, 12 கிராம், அதாவது பழைய கணக்கில் ஒரு தோலா நிறையுள்ள பழுப்புக் குருவி ஒன்று விருட்டென்று பாய்ந்து, பூச்சியைக் கவ்விக்கொண்டு மீண்டும் கிளைக்கே திரும்புமானால், அது ஈப்பிடிப்பான் என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்த ஈப்பிடிப்பான்? கஷ்டம் இங்கேதான் ஆரம்பமாகிறது. பழுப்பு ஈப்பிடிப்பான் என்று ஒன்று. பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் என்று மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே குலம், ஏறக்குறைய ஒரே உருவம், கண்ணைச் சுற்றி ஒரே வெள்ளை வளையம். மார்பின் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். வெயிலில் ஒரு விதமாகவும் நிழலில் வேறு விதமாகவும் அது தோன்றும். காலைப் பாருங்கள்! கறுத்திருந்தால் முன்னது, வெளிறிய மஞ்சளாயிருந்தால் பின்னது. கீழலகின் நுனி முன்னதற்குக் கறுத்திருக்கும். பின்னதற்கு அந்தக் கறுப்பு இல்லை. குணத்திலும் பேதம் உண்டு. பழுப்பு ஈப்பிடிப்பான் யாவரும் காணக் கிளை நுனியில் உட்காரும். மற்றதோ அடர்ந்த புதரை விட்டு வெளிவரத் தயங்கும். முன்னது சைபீரியா, ஜப்பான், இமயமலை முதலிய இடங்களில் குஞ்சு பொரிப்பது. பின்னதன் பிறந்தகம் வடகிழக்கு இந்தியா, பர்மா, தென் சீனம்.

கூச்சமுள்ள இந்தப் பறவைக்கு விஞ்ஞான உலகில் வழங்கும் பெயர் ‘மஸ்ஸிகாப்பா முத்துயி’. லத்தீன் இலக்கணப்படி ‘முத்துயி’ என்றால் ‘முத்துவினுடைய’ என்று பொருள். யார் இந்த முத்து? இலங்கையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த எட்கர் லேயர்ட் என்னும் ஆங்கிலேயரின் சமையற்காரர். (நினிவே நகரைத் தோண்டியெடுத்துப் புகழ்பெற்ற லேயர்ட், இவருடைய தமையனார்.) ஒரு நாள் காலை பருத்தித்துறையில் இப்பறவையை எஜமானரிடம் கொண்டுவந்து கொடுத்தவர் முத்து. தம்மிடமிருந்த சிறந்த பறவைகள் பல முத்துவின் பொறுமையால் கிடைத்தவையே என்று 1854-ல் எழுதி, லேயர்ட் அவர் பெயரையே சூட்டினார். கவர்னர்களும் தளபதிகளும் பறவைப் பெயர்களில் இடம்பிடித்த காலம் அது! பிற்பாடு விஞ்ஞானிகள் குலப்பெயரை மாற்றினார்கள். முத்துவை மட்டும் யாரும் அசைக்கவில்லை.

ஒரு வேடிக்கை: முத்து அதைக் கொண்டுவந்தது ஜூன் மாதத்தில் என்று லேயர்ட் குறித்திருக்கிறார். ஜூனில் அப்பறவை வடக்கே கூடு கட்டிக்கொண்டல்லவா இருக்கவேண்டும்? பருத்தித்துறையில் அதற்கு என்ன வேலை? முத்துவைத்தான் கேட்கவேண்டும்.