பேச்சு போனாலும் பாட்டு வருவது எப்படி?

2011 ஜனவரியில் அமெரிக்காவின் டூசான் நகரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில், நாடாளுமன்ற உறுப்பினர் கேபி கிஃபர்ட்ஸின் மூளையின் இடப்பக்கத்தைக் குண்டு துளைத்தது. பேச்சு போயிற்று. ஆனால் சிகிச்சையாளருடன் சேர்ந்து அவரால் பாட முடிந்தது!

ஏன்?

பெரும்பாலோருக்குப் பேச்சை உருவாக்கும் பகுதிகள் மூளையின் இடப்பக்கத்தில்தான் இருக்கின்றன. பாடும்போதோ இருபக்கமும் உழைக்கின்றன. இதை நம்பி 1973இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு சிகிச்சையை முன்வைத்தார்கள். ‘தண்ணீர் வேணும்’ என்பதுபோன்ற அன்றாடச் சொற்களை நோயாளி இரண்டே சுரங்களில் இழுத்துப் பாடுவார். அசைக்கு ஒரு தட்டாக இடக்கை தாளம் போடும். பழகப் பழக ராகத்தைக் குறைத்து, இயல்பான பேச்சுக்கு நகர்த்துவார்கள். தாகத்தைத் தன் வாயாலேயே சொல்ல முடிவது எத்தனை பெரிய மீட்சி!

பலன் தருவது மெட்டா, தாளமா என்ற விவாதம் ஓயவில்லை. 2011இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வு ஒன்று தாளத்தின் பக்கம் சாய்கிறது.