சிமுலேட்டர் சொல்வதைப் படியுங்கள்

1994-இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சில்லில் ஒரு கோளாறு வெளிப்பட்டது. வகுத்தல் கணக்குக்காக உள்ளே வைத்த அட்டவணையில் சில கட்டங்கள் விடுபட்டிருந்தன. சில எண்களை வகுத்தால் விடை தப்பாக வந்தது. அதைச் சரிக்கட்ட நிறுவனம் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். சில்லைத் தயாரித்து முடித்த பிறகு அதற்குள் கை வைக்க முடியாது. அதனால்தான் முன்கூட்டியே அதை ஒரு மென்பொருளாக எழுதி ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த மென்பொருள்தான் சிமுலேட்டர்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பாடம் எடுக்கிறேன். என் மாணவர்கள் புழங்குவது ஜெம்5. மிச்சிகன், விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களில் தனித்தனியே உருவான இரண்டு சிமுலேட்டர்களை இணைத்து உருவாக்கியது, இலவசம். பிராசசர், கேஷ், மெமரி என்று ஒவ்வொன்றையும் பைத்தானில் நாமே எழுதிக் கோத்துக்கொள்ளலாம். ஆனால் நிஜச் சில்லு ஒரு நொடியில் முடிக்கிற வேலைக்கு இது பல மணி நேரம் எடுக்கும். தப்பான அமைப்போடு ஓடவிட்டால் ஒரு ராத்திரி போச்சு.

முதல் தடங்கல் கம்பைல் செய்யும்போதே வரும். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டச் சொல்வார்கள். பாதியில் ‘கில்டு’ என்ற சொல்லோடு நின்றுவிடும். உடனே சி++ ஃபைல்களைத் துருவ ஆரம்பிப்பார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. மெமரி போதாமல் லினக்ஸே கம்பைலரை நிறுத்தியிருக்கும். எட்டை இரண்டாகக் குறைத்தால் மெதுவாக, ஆனால் ஒழுங்காக முடியும்.

ஓட ஆரம்பித்த பிறகு நின்றால், கடைசியில் வரும் சொல்லைப் பார்க்க வேண்டும். ‘ஃபேட்டல்’ என்றால் நாம் கொடுத்த அமைப்பில் தவறு. ‘பேனிக்’ என்றால் சிமுலேட்டருக்குள்ளேயே ஏதோ நடக்கக்கூடாதது நடந்திருக்கிறது. எங்கே தேட வேண்டும் என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடும். எத்தனையோ பேர் அதைப் படிக்காமலே திரையை மூடிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் பெரிய ஆதங்கம்.

எதுவுமே சொல்லாமல் ஓடி முடிகிற பிழை இதைவிட மோசம். சேரன்மகாதேவியிலிருந்து வரும் ஒரு மாணவி கேஷின் அளவை மாற்றி மாற்றிச் சோதித்தாள். பாபநாசம் அணையில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும், அவள் ஊர் வயலுக்குச் சட்டென்று பாய்வது கன்னடியன் கால்வாய் நிரப்பி வைத்த குளத்துத் தண்ணீர்தான். பிராசசருக்குக் கேஷ் அப்படி. 16 கேபியை 64 கேபி ஆக்கியும் நேரம் ஒரு இம்மி மாறவில்லை.

“மேடம், நாலு மடங்கு ஆக்கிட்டேன், ஒரு மாத்தமும் இல்ல.”

“கான்ஃபிக் ஃபைலத் தொறந்து பாத்தியாம்மா?”

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஜெம்5 தான் உண்மையில் எதைக் கட்டியது என்பதை ‘கான்ஃபிக்.ஐஎன்ஐ’ என்ற ஃபைலில் எழுதி வைக்கும். அதில் கேஷ் என்ற பகுதியே இல்லை. அவள் எடுத்துக்கொண்ட பழைய ஸ்கிரிப்டில் ‘கேஷ் வேண்டும்’ என்று தனியே சொல்லாவிட்டால், அளவு கொடுத்தாலும் அது பேசாமல் ஒதுக்கிவிடும். அதைச் சேர்த்ததும் எண்கள் மாறின. பிராசசர் மாடலையும் மாற்றச் சொன்னேன். ‘அட்டாமிக்’ மாடல் வேகமாக ஓடும், ஆனால் மெமரிக்காகக் காத்திருக்கும் நேரத்தை முறையாகக் கணக்கில் எடுக்காது. நேரத்தை அளக்க ‘டைமிங்’ மாடல் வேண்டும்.

இதில் தேறியவர்களுக்கு அடுத்த படி, பிராசசருக்குப் புதிதாக ஓர் ஆணையைச் சேர்ப்பது. 2010-இல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற ஆணைத் தொகுப்பு, யார் வேண்டுமானாலும் சொந்த ஆணை சேர்த்துக்கொள்ள இடம் ஒதுக்கியே வைத்திருக்கிறது. சிமுலேட்டரில் சேர்த்தால் மட்டும் போதாது; அசெம்பிளருக்கும் அது தெரிய வேண்டும். அதை விட்டுவிட்டுத்தான் பலர் முழிப்பார்கள்.

சென்னை ஐஐடியின் ‘சக்தி’ பிராசசரும் இதே ரிஸ்க்-ஃபைவ்தான். ஒரே நிரலைச் சக்தி வடிவமைப்பிலும் ‘ஸ்பைக்’ என்ற சிமுலேட்டரிலும் ஓட்டி, இரண்டு பதிவுகளையும் வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். முதலில் எந்த வரியில் வேறுபடுகிறதோ அங்கிருந்து தேடல் தொடங்கும். 2018-இல் சக்தி சில்லு ஒன்று லினக்ஸை ஓட்டிக் காட்டியது. 2025 பிப்ரவரியில், எங்கள் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிற இஸ்ரோவுக்காகச் சக்தியை வைத்து ‘ஐரிஸ்’ சில்லு வந்தது, சண்டிகரில் தயாரானது.

ஜெம்5-உம் ஸ்பைக்கும் சாதாரண லேப்டாப்பில் ஓடும். நம் பிள்ளைகளுக்குக் குறைவது கருவி இல்லை. பிழையைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம். என்னைப் போல் பாடம் எடுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: ரெக்கார்டு நோட்டில் சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். எங்கே இடித்தது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எழுதச் சொல்லி அதற்கும் போடுங்கள்.