குமரிக்கடலுக்கு எப்போதாவது வரும் புயல்

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குக் காற்று புதிதல்ல. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் பாய்ந்து வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் கடலில் பிறக்கும் புயலோ வேறு ரகம். இந்தப் பக்கம் அது வருவது அபூர்வம்.

புயல் சுழல, பூமியின் சுழற்சி தரும் விசை வேண்டும். நிலநடுக்கோட்டில் அது பூஜ்யம். வடக்கே போகப் போகக் கூடும். கன்னியாகுமரி இருப்பது 8 டிகிரியில். கடல் எவ்வளவு கொதித்தாலும் சுழற்றிவிடும் கை அங்கே பலவீனம். போதாததற்கு இலங்கை வேறு குறுக்கே கிடக்கிறது. தரையேறிய புயல் தளர்ந்துவிடும்.

ஒக்கிப் புயல் இந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. 2017 நவம்பர் 29-ல் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம். அந்தத் தீவின் தென்பகுதியைத் தாண்டிக் குமரிக்கடலில் இறங்கியது. மறுநாள் காலை எட்டரை மணிக்கெல்லாம் புயலாகி, குமரிக்குத் தெற்கே சுமார் 60 கி.மீ.யில் நின்றது. ஊருக்குள் ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்தன. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கிறவர்கள். முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த அவர்களுக்குச் செய்தி எட்ட வழியில்லை. லட்சத்தீவு அருகே காற்று மணிக்கு 150 கி.மீ.யைத் தொட்டது. பலர் திரும்பவே இல்லை.

2020 டிசம்பரில் புரெவி வந்தபோது படகுகளைக் கரைக்கு அழைத்துவிட்டார்கள். அது மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து, ராமநாதபுரம் கரையோரம் கிடந்து ஓய்ந்தது.

தென்கோடிக்கு 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயல், 1992 நவம்பரில் தூத்துக்குடிப் புயல். இடைவெளியில் ஒழுங்கே இல்லை. பசிபிக் குளிரும் லா நினா ஆண்டுகளில் வங்கக்கடலில் புயல்கள் வலுப்பெற வாய்ப்பு அதிகம் என்பார்கள். 1964, 2017, 2020 மூன்றும் லா நினா, 1992 அப்படியல்ல. அதை மட்டும் நம்பி ஜோசியம் சொல்ல முடியாது. மேடன்–ஜூலியன் அலைவு என்ற மேகக்கூட்டமும் 30 முதல் 60 நாளுக்கொருமுறை உலகைச் சுற்றி வருகிறது. அது இந்தியப் பெருங்கடலுக்கு மேல் நிற்கும் நாட்களில் புயலுக்குத் தெம்பு கூடும்.

பழைய ஏட்டையும் முழுதாக நம்ப முடியாது. வானிலைத் துறையின் புயல் பதிவுகள் 1891 முதல் உண்டு. ஆனால் செயற்கைக்கோள் வரும்வரை, கப்பல் எதிரே சிக்காத புயல் ஏட்டில் ஏறாமல் போனதுண்டு. அந்தக் காலத்தில் குமரிக்கடல் அமைதியாக இருந்தது என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது தவறு.

ஒக்கியின்போது செய்தி எட்டாமல் போன ஆழ்கடல் படகுகளுக்காக 2019-ல் ‘ஜெமினி’ கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை வரும். படகிலிருந்து பதில் அனுப்ப அதில் வழியில்லை.