84 மாதக் கடனில் ஒரு மஸ்டாங்

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் காரை ஃபோர்டு நிறுவனம் அறிமுகப்படுத்தியது. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் நாளே சுமார் 22,000 பேர் பதிவு செய்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் பத்து லட்சமாவது மஸ்டாங் தயாராகிவிட்டது. அந்தக் காலத்தில் கடனில் கார் வாங்கியவர்கள் வழக்கமாக மூன்று ஆண்டுகளில் கணக்கை முடித்தார்கள்.

இன்று வி8 எஞ்சினோடு வரும் மஸ்டாங் ஜிடியின் விலை 40,000 டாலருக்கு மேல். அமெரிக்காவில் புதுக் கார் கடனின் சராசரிக் காலம் ஐந்தரை ஆண்டைத் தாண்டிவிட்டது. 84 மாதக் கடன், அதாவது ஏழு ஆண்டுக் கடன், ஷோரூமில் சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது.

ஆசையோடு வரும் இளைஞரிடம் பல விற்பனையாளர்கள் முதலில் கேட்பது, "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதைத்தான். ஆபத்து தொடங்குவது இந்தக் கேள்வியில். பதிலாக ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், காரின் விலையைப் பற்றிய பேரம் அப்படியே அடங்கிவிடும். மாதங்களைக் கூட்டக் கூட்ட, எந்தக் காரையும் அந்தத் தொகைக்குள் கொண்டுவந்துவிடலாம்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 40,000 டாலர் கடன், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி. நான்கு ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 995 டாலர். மொத்த வட்டி ஏறக்குறைய 7,780. ஏழு ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 644 டாலராக இறங்கும். வட்டியோ 14,060 டாலராக ஏறும். இதுவும் இரண்டுக்கும் ஒரே வட்டி விகிதம் என்று வைத்துக்கொண்டால்தான். நடைமுறையில் நீண்ட கடனுக்கு விகிதமும் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

வட்டியைவிடக் கவலை தருவது இன்னொன்று. மூன்று ஆண்டுகள் தவறாமல் கட்டிய பிறகும் ஏழு ஆண்டுக் கடனில் சுமார் 25,860 டாலர் அசல் பாக்கி நிற்கும். அப்போது கார் சந்தையில் 24,000 டாலருக்குத்தான் போகும் என்றால், விற்றாலும் கடன் தீராது. விபத்தில் கார் முழுதாக நொறுங்கினால், வழக்கமான இன்சூரன்ஸ் அன்றைய சந்தை விலையை மட்டுமே கொடுக்கும். மீதியை, கையில் கார் இல்லாதவர் கட்ட வேண்டும். பலர் இந்தப் பாக்கியை அடுத்த காரின் கடனோடு சேர்த்துவிடுகிறார்கள். கார் சந்தை விவரங்களைத் தொகுக்கும் எட்மண்ட்ஸ் நிறுவனத்தின் கணக்குப்படி, இப்படிப் பழைய காரைக் கொடுத்துப் புதுக் கார் வாங்கும்போது பாக்கி வைத்திருந்தவர்களின் சராசரிச் சுமை 2024இல் 6,000 டாலருக்கு மேல்.

ஸ்போர்ட்ஸ் காருக்கென்று தனிச் செலவுகளும் உண்டு. 25 வயதுக்குக் கீழ் உள்ளவர் வி8 கார் ஓட்டினால் இன்சூரன்ஸ் கட்டணம் எகிறும். அகலமான டயர்கள் சீக்கிரம் தேயும். அவை கோடைக்கால டயர்களாக இருந்தால், 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பிடிமானம் குறையும். மிச்சிகன் போன்ற குளிர்ப் பகுதியில் இன்னொரு செட் டயர் தேவைப்படும். மாதத் தவணைக் கணக்கில் இவை எதுவும் வராது.

இதில் அடிபடுகிறவர்களில், முதல் சம்பளத்தைக் கையில் வாங்கிய இளம் ராணுவ வீரர்களும் உண்டு. அமெரிக்க முகாம்களை ஒட்டிய ஊர்களில் கார் விற்பனையகங்கள் வரிசையாக நிற்கின்றன. ராணுவத்தினருக்கான கடன்களுக்கு 36 சதவீத உச்சவரம்பு வைத்து 2006இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால், வாங்கும் காரையே ஈடாகக் காட்டிப் பெறும் கார் கடன் அதில் அடங்காது. பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் இடத்தில் சட்டம் கைவிட்டிருப்பது வேதனைக்குரியது.

சமீபத்தில் ஒரு சலுகை வந்திருக்கிறது. அமெரிக்காவில் தயாரான புதுக் காரின் கடன் வட்டியில், ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வருமானவரிக் கணக்கில் கழிக்கலாம். வருமான வரம்பு உண்டு. மிச்சிகனின் ஃபிளாட் ராக் ஆலையில் தயாராகும் மஸ்டாங்கும் இதில் சேரும். ஆனால் சலுகை 2028 வரைதான். ஏழு ஆண்டுக் கடன் அதன் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபோர்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஹென்றி ஃபோர்டுக்கே கடனுக்கு விற்பது பிடிக்காது. 1923இல் அவர் கொண்டுவந்த திட்டத்தில், வாரம் 5 டாலர் வீதம் சேமித்து, முழு விலையும் சேர்ந்த பிறகே காரை எடுத்துப் போக முடியும். கடனில் உடனே காரைத் தந்த ஜெனரல் மோட்டார்ஸின் வழியே வென்றது. 1950இல் விலைவாசியைக் கட்டுப்படுத்த அமெரிக்க அரசு கார் கடன் காலத்தை 15 மாதமாகக் குறைத்ததும் உண்டு.

ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசைப்படுவதில் தவறே இல்லை. நல்ல முன்பணம் போட்டு நான்கு ஆண்டுகளில் அடைக்க முடிந்தால் வாங்கலாம். முடியாதென்றால், அந்தக் கார் இப்போதைக்கு எட்டாத விலையில் இருக்கிறது என்றே பொருள்; மூன்று ஆண்டு ஓடிய அதே மாடலைப் பார்ப்பது நல்லது. எதுவானாலும், கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் மொத்த வட்டியும், கட்டி முடிக்க வேண்டிய மொத்தத் தொகையும் அச்சிடப்பட்டிருக்கும் இடத்தைத் தேடிப் படியுங்கள். 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றைக் காட்டியே ஆக வேண்டும்.